அழுகையும் ஒரு துளி இரத்தமும்: பச்சிளங்குழந்தைப் பரிசோதனைகளின் வரலாறு

ஃபராயிள் எனப்படும் பாகப்பிரிவினைச் சட்டத்தை மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும்போது, தந்தை இறந்த பின் பிறக்கும் குழந்தையைப் பற்றிய பாடம் ஒன்று வரும். அக்குழந்தை பிறந்து சில நொடிகளே வாழ்ந்து மரணித்துவிட்டால், தந்தையின் சொத்தில் அதற்குப் பங்கு உண்டா? ஃபிக்ஹு அறிஞர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். பிறந்ததும் குரலெழுப்பி அழுததா என்று கேட்டார்கள். அரபியில் இதற்கு 'இஸ்திஹ்லால்' என்று பெயர். அழுதிருந்தால் அது உயிருடன் பிறந்த மனிதர். அதற்குப் பெயர் உண்டு, ஜனாஸாத் தொழுகை உண்டு, சொத்தில் பங்கும் உண்டு. அந்தப் பங்கு பின்னர் அதன் வாரிசுகளுக்குச் சேரும். அழுகை மட்டும்தான் சான்றா, தும்மலும் கை கால் அசைவும் சான்றாகுமா என்பதில் இமாம்களிடையே நுட்பமான கருத்து வேறுபாடுகள் உள்ளன. பிரசவ அறையில் ஆண்கள் இருப்பதில்லை என்பதால், அழுகையைக் கேட்ட பெண்களின் சாட்சியம் மட்டும் போதுமா என்றும் ஆராய்ந்தார்கள். தொழுகை நடத்துவதற்கு அது போதும், சொத்துரிமைக்குப் போதாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). சொத்துரிமைக்கும் போதும் என்றார்கள் அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்).

பச்சிளங்குழந்தைக்கு மனிதர் செய்துவந்த பரிசோதனைகளில் மிகப் பழமையானது இதுவாகவே இருக்கும் என நாம் கருதுகிறோம். கருவி வேண்டாம், காது போதும். மருத்துவச்சி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள், குரல் வந்ததும் வீட்டார் மூச்சு விட்டார்கள். இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது, அழுகையில் தொடங்கிய அந்தப் பரிசோதனை குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தம் வரை வளர்ந்து வந்த வரலாற்றை. நம் குடும்பங்களில் இன்று பிறக்கும் பிள்ளைகளுக்கு அந்த வரலாற்றால் நேரடிப் பயன் இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

நம் முன்னோர் பச்சிளங்குழந்தையைப் பற்றிச் சிந்திக்காதவர்கள் அல்லர். கைரவானைச் சேர்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் பத்தாம் நூற்றாண்டிலேயே குழந்தை வளர்ப்புக்கும் குழந்தை நோய்களுக்கும் தனி நூல் எழுதினார். 1037-இல் மறைந்த இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலும் பிறந்த குழந்தையைப் பேணும் முறைக்கு இடம் உண்டு. 1350-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்), பிறந்த குழந்தை தொடர்பான சட்டங்களையெல்லாம் திரட்டி 'துஹ்ஃபத்துல் மவ்தூத்' என்ற நூலை இயற்றினார். தம் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது கொடுப்பதற்கு வேறு பொருள் இல்லாமையால் இந்நூலையே அன்பளிப்பாக எழுதிக் கொடுத்தார் எனச் சொல்லப்படுகிறது. இக்காலத்துத் தங்க மோதிரங்களைவிட அந்த அன்பளிப்பு நீடித்துவிட்டது என்பதை இடையே சொல்லிக்கொள்கிறோம்.

அழுகையைக் கேட்பதை எண்களால் அளக்கும் முறையாக மாற்றியவர் நியூயார்க்கில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் என்ற பெண்மணி. 1952-இல் அவர் முன்வைத்து 1953-இல் வெளியிட்ட முறையில், பிறந்து ஒரு நிமிடத்தில் ஐந்து அடையாளங்கள் பார்க்கப்படும்: இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு மதிப்பெண். ஐந்தாம் நிமிடத்தில் மீண்டும் பார்ப்பது பின்னர் வழக்கமாயிற்று. மூச்சுக்குரிய இரண்டு மதிப்பெண்ணும் உரக்க அழும் பிள்ளைக்கே கிடைக்கிறது. நம் வீடுகளில் பிரசவ அறிக்கையைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பவர்கள், அதில் 'ஆப்கார்' என்ற சொல்லையும் அருகே இரண்டு எண்களையும் காணலாம்.

ஆனால் அழுகையும் நிறமும் துடிப்பும் சொல்வது, இந்தக் குழந்தை இப்போது உயிரோடும் நலத்தோடும் இருக்கிறது என்பதை மட்டுமே. பத்துக்குப் பத்து வாங்கிய குழந்தையின் உடலில், அடுத்த சில வாரங்களில் மூளையை மெல்ல அழிக்கப்போகும் குறை ஒன்று மறைந்திருக்கலாம். அதைக் காதாலும் கண்ணாலும் அறிய முடியாது. இதை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் ஒரு தாய்.

நார்வே நாட்டில் அந்தத் தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் நல்லபடியாகப் பிறந்தவர்கள். ஆனால் வளர வளர அறிவு வளர்ச்சி நின்றுபோயிற்று. அவர்கள்மீது எப்போதும் ஒருவிதப் பூஞ்சை வாடை அடிக்கிறது என்று அந்தத் தாய் மருத்துவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1934-இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர்தாம் செவிசாய்த்தார். வேதியியலும் கற்றவரான அவர் பிள்ளைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடைச் சேர்த்தபோது அது கரும்பச்சையாக மாறியது. அப்படி ஒரு நிறத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. வாரக்கணக்கில் அந்தத் தாய் சிறுநீரைச் சேகரித்துக் கொண்டுவந்து தர, அவர் ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். நாம் உண்ணும் புரதத்தில் ஃபினைல் அலனின் என்றொரு பகுதி உண்டு. சிலருடைய உடலால் அதைச் செரித்து மாற்ற இயலாது. அது இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. தாய்ப்பாலிலும் அது இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த நோயின் கொடுமை விளங்கும். ஃபினைல்கீட்டோனூரியா என இன்று அழைக்கப்படும் அந்நோய் கண்டறியப்பட்டது. ஆயினும் அந்த இரு பிள்ளைகளுக்கும் அதனால் பயன் விளையவில்லை. காலம் கடந்துவிட்டிருந்தது.

பதினேழு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் மற்றொரு தாய். பதினேழு மாதமாகியும் நிற்கவோ நடக்கவோ இயலாத தம் மகளுக்கு இதே நோய் என்று தெரிந்ததும், "நோயின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், மருந்து எங்கே?" என்று அவர் மருத்துவர் ஹார்ஸ்ட் பிக்கெலை நாள்தோறும் நெருக்கினார். பிக்கெலும் அவருடைய தோழர்களும் ஃபினைல் அலனினை நீக்கிய ஒரு தனி உணவைத் தயாரித்தார்கள். சில மாதங்களில் அந்தக் குழந்தையின் ஓயாத அழுகை நின்றது, எழுந்து நிற்கக் கற்றது, முடியின் நிறம்கூடக் கருத்தது. உணவால்தான் இந்த மாற்றமா என்று உறுதிசெய்ய, மருத்துவர்கள் தாயிடம் சொல்லாமலே விலக்கிய பொருளை மீண்டும் உணவில் கலந்தார்கள். குழந்தை சில நாள்களில் பழைய நிலைக்குச் சரிந்தது. அதன் பிறகே தாயிடம் சொல்லி, அவர் சம்மதத்துடன் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். 1953-இல் இதன் விவரம் வெளியானது. தாய்க்குத் தெரியாமல் செய்த அந்தச் செயல் நமக்கு உவப்பானதன்று. அதனால் கிடைத்த அறிவு பெரிது என்பதற்காக அதைச் சரியெனக் கொள்ளவும் நாம் ஆயத்தமில்லை. அந்தக் குழந்தைக்கும் சிகிச்சை தாமதமாகவே தொடங்கியதால், இழந்தது முழுமையாகத் திரும்பவில்லை.

ஆக நோயும் தெரிந்தது, உணவும் கிடைத்தது. ஆனால் நோய் கண்ணுக்குப் புலப்படும்போது உணவால் பயனில்லை, உணவால் பயனுள்ளபோது நோய் புலப்படுவதில்லை. இந்த முடிச்சை அவிழ்த்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சேர்ந்த ராபர்ட் கத்ரி. புற்றுநோய் ஆய்வில் இருந்த நுண்ணுயிரியலாளர் அவர். அவருடைய சொந்த மகனுக்கு வேறொரு காரணத்தால் மனவளர்ச்சிக் குறை இருந்தது. 1958-இல் அவருடைய மனைவியின் சகோதரி மகளுக்கு ஃபினைல்கீட்டோனூரியா இருப்பது தெரியவந்தது. அப்போது அக்குழந்தைக்குப் பதினைந்து மாதம். தம் வீட்டிலேயே இப்படிக் காலம் தவறியதைப் பார்த்த கத்ரி, பிறந்த சில நாள்களிலேயே நோயைக் கண்டுபிடிக்கும் எளிய வழியைத் தேடினார்.

அவர் கண்ட வழி வியப்புக்குரியது. குழந்தையின் குதிகாலில் மெல்லக் குத்தி, வரும் இரத்தத் துளியை ஒரு தடித்த வடிதாளில் ஒற்றி உலரவிட்டார். அந்தத் தாளிலிருந்து சிறு வட்டம் ஒன்றை வெட்டி, தீங்கற்ற ஒருவகைப் பாக்டீரியாவை விதைத்த தட்டில் வைத்தார். பாக்டீரியா வளராதபடி அத்தட்டில் ஒரு தடைப்பொருளும் கலக்கப்பட்டிருக்கும். இரத்தத்தில் ஃபினைல் அலனின் மிகுந்திருந்தால் அது தடையை வென்று, தாள்வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா வளையமாக முளைக்கும். வளையம் பெரிதானால் ஆபத்து, இல்லையேல் நலம். உலர்ந்த தாள் கெடுவதில்லை. உறையிலிட்டுத் தபாலில் அனுப்பலாம். ஆய்வகம் இல்லாத சிற்றூரில் பிறந்த குழந்தையின் இரத்தமும் தலைநகரின் ஆய்வகத்தை அடைந்துவிடும். உண்மையான புரட்சி இந்தத் தாளில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து. 1962-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யத் தொடங்கி, அடுத்த ஆண்டே சட்டமாக்கியது. பரிசோதனைப் பொருள்களை ஒரு நிறுவனம் பன்மடங்கு விலைக்கு விற்க முனைந்தபோது, கத்ரி அதை எதிர்த்துப் பொதுச்சொத்தாக நிலைநிறுத்தினார்.

ஃபினைல்கீட்டோனூரியா நம் தமிழகத்தில் அரிது. துருக்கியில் மிகுதி. நமக்கு மிக அருகிலிருப்பது வேறொரு நோய். 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் கியூபெக் மாநில மருத்துவர் ழான் துசோ, அதே உலர்ந்த இரத்தத்துளியிலிருந்து தைராய்டு சுரப்பைக் கணக்கிடலாம் எனக் காட்டினார். பிறவியிலேயே தைராய்டு சுரப்பி இல்லாமலோ, சரியாகச் சுரக்காமலோ சில குழந்தைகள் பிறக்கின்றன. கருவில் இருக்கும்வரை தாயின் சுரப்பு ஓரளவு ஈடுசெய்வதால் பிறக்கும்போது அவை மற்றக் குழந்தைகளைப் போலவே தோன்றும். பிறகு மெல்ல மெல்லக் குறிகள் வரும். மஞ்சள் காமாலை நெடுநாள் நீடிக்கும், மலம் இறுகும், தொப்புள் புடைக்கும், நாக்கு தடித்திருக்கும், குரல் கரகரக்கும். எல்லாவற்றிலும் நம்மை ஏமாற்றுவது, அந்தக் குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருப்பதுதான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆனால் அழாத பிள்ளையைச் 'சமத்துப் பிள்ளை, தாயைத் தொந்தரவு செய்யாத பிள்ளை' என்று பாட்டிமார்கள் மெச்சுவதை நாம் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து தினமும் புகட்டத் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போல ஓதும், எழுதும், ஓடும். மலிவான மாத்திரைதான். ஆறு மாதம், ஓராண்டு தவறிவிட்டால் அதே மாத்திரையால் உடல் வளரும், இழந்த அறிவு திரும்பாது.

இந்த நோயுடன் இந்தியாவுக்கு நெடிய உறவு உண்டு. இமயமலை அடிவாரத்தில் மண்ணில் அயோடின் குறைவு. அதனால் கழுத்துக் கழலையும் பிறவி மந்தமும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. ஆந்திரத்து சீகாகுளத்தில் பிறந்த மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமி 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரும் ஆய்வை நடத்தினார். ஒரு பகுதி மக்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும், மற்றொரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கிக் கவனித்தார்கள். அயோடின் உப்பு உண்ட ஊர்களில் கழலை குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 1980-களில் என். கோச்சுப்பிள்ளையும் அவருடைய குழுவினரும் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, அயோடின் குறைந்த உத்தரப்பிரதேச மாவட்டங்களில் தைராய்டு குறைவு கேரளத்தைவிடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டினார்கள். தூத்துக்குடி உப்பளங்களைக் கொண்ட நம் தமிழகம், அயோடின் கலந்த உப்பை உண்பதில் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது என்பது சற்று வருத்தமான செய்தி. 'கல் உப்புதான் உடம்புக்கு நல்லது' என்ற பேச்சு நம் சமையலறைகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

உப்பு சரியானாலும் சுரப்பியே இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு உப்பால் பயனில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, மும்பை, தில்லி, ஐதராபாத், கொல்கத்தா ஆகிய ஐந்து நகர மையங்களில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டது. நாட்டளவில் 1,130 குழந்தைகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிறவித் தைராய்டு குறைவு காணப்பட்டது. தென்னகத்தில் 727-க்கு ஒன்று. அட்ரீனல் சுரப்பிக் குறையோ நாட்டளவில் 5,762-க்கு ஒன்று, சென்னையில் ஏறத்தாழ 2,000-க்கு ஒன்று. அட்ரீனல் குறையுள்ள ஆண் குழந்தை வெளிப்பார்வைக்கு நலமாகவே இருந்து, இரண்டாவது வாரத்தில் வாந்தியும் உப்பிழப்புமாக இறந்துபோகும். வயிற்றுப்போக்கு என்றோ கண்ணேறு என்றோ எண்ணி அடக்கம் செய்துவிடுவார்கள். பெண் குழந்தையாயின் பிறப்புறுப்பின் தோற்றத்தால் ஆணெனப் பிழையாகக் கருதப்படவும் கூடும். பால் வேறுபாடு தெளிவற்ற 'குன்ஸா'வின் சொத்துரிமையை நம் சட்ட நூல்கள் எவ்வளவு கவனத்தோடு அலசியிருக்கின்றன என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். அந்தத் தெளிவின்மையில் ஒரு பகுதிக்கு இன்று ஒரு துளி இரத்தம் விடை சொல்கிறது.

நம் ஊர் மணலூர்பேட்டை தென்பெண்ணையாற்றங்கரையில் இருப்பது. மேற்கே கல்வராயன் மலை. மலையில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் பழங்குடி மக்களின் இரத்தத்தைப் பற்றிய ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு நம் தமிழகத்து மலையொன்றில்தான் நிகழ்ந்தது. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரி மலைப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல் எனப்படும் அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் அக்கூறு முதன்முதலாகப் பதிவான ஆண்டு அது. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, நாளங்களில் அடைத்துக்கொண்டு வேதனை தரும் நோய் இது. கருக்காலத்து ஹீமோகுளோபின் சில மாதங்கள் காப்பதால், இந்தக் குழந்தையும் பிறக்கும்போது நலமாகவே தோன்றும். 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, பிறந்த சில மாதங்களிலிருந்தே பெனிசிலின் கொடுத்துவந்தால் இக்குழந்தைகளைக் கொல்லும் தொற்று பெருமளவு குறைகிறது என நிறுவியது. பிறந்ததும் சோதிக்க வேண்டும் என்ற கருத்து அதன் பிறகே வலுப்பெற்றது. 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்க முனைகிறது. நீலகிரியில் கண்டறிந்த ஆண்டுக்கும் இதற்கும் இடையே எழுபத்தோராண்டு. மலைக்காரர்களின் நோய்க்கு ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்வியை வாசகர்களிடமே விட்டுவிடுகிறோம்.

மலையைப் பற்றிப் பேசிவிட்டு நம் சொந்த வீட்டைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. மேற்சொன்ன நோய்களுள் பல, தாய் தந்தை இருவரிடமும் ஒரே குறை மறைந்திருந்தால் மட்டுமே பிள்ளையிடம் வெளிப்படுபவை. இரத்த உறவில் மணம் முடிக்கும்போது அப்படிச் சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை. எல்லாச் சமயத்தாரிடமும் இது உண்டு, நம்மிடமும் உண்டு. அத்தை மகன், மாமன் மகள், சிறிய தந்தையின் மகள் என்று முடிக்கும் மணத்தை மார்க்கம் ஆகுமாக்கியிருக்கிறது. கட்டாயமாக்கவில்லை, அதற்குத் தனிச் சிறப்பும் சொல்லவில்லை. சொத்து வெளியே போகக்கூடாது என்பது நம் கணக்கு, ஷரீஅத்தின் கணக்கு அன்று. ஈரான் 1997 முதல் மணமக்களுக்குத் தலசீமியா சோதனையை நடைமுறைப்படுத்தியது. சவூதி அரேபியா 2004-இல் திருமணத்திற்கு முன் இரத்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம் நாடுகளே இவ்வழியில் சென்றிருக்க, உறவில் மணம் முடித்த நம் வீட்டுத் தம்பதியர் பிறந்த குழந்தைக்கு ஒரு துளி இரத்தம் எடுக்கத் தயங்குவது ஏன் என்று விளங்கவில்லை. உறவுத் திருமணம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜி6பிடி என்ற நொதிக் குறைவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத் தாக்கும். அந்தக் குறையுள்ள பிள்ளைக்கு, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழந்துணியைச் சுற்றினாலே இரத்தம் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். பிறந்த குழந்தைக்குப் பெரியவர்களின் பழைய துணியைச் சுற்றும் வழக்கமுள்ள வீடுகள் அதை நன்கு துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்தட்டும். உருண்டையை வீட்டிலிருந்தே அகற்றிவிடுவது இன்னும் நல்லது.

இனி, செவி. நாம் குழந்தை பிறந்ததும் அதன் வலக்காதில் பாங்கு சொல்கிறோம். அதுபற்றிய அறிவிப்பாளர் தொடரின் விவாதம் இங்கு வேண்டாம். உம்மத்தின் நடைமுறையாக அது நிலைத்துவிட்டது. ஆனால் அந்தச் செவிக்குப் பாங்கு கேட்டதா என்று நாம் பார்ப்பதில்லை. ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டேனும் காது கேளாமல் பிறக்கின்றன. அவையும் உரக்கவே அழும், ஆப்கார் கணக்கில் முழு மதிப்பெண்ணும் பெறும். 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற அறிஞர், நலமான உட்செவி ஒலியைக் கேட்கும்போது தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது எனக் கண்டார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு செருகியை வைத்து அந்த எதிரொலியைச் சில நிமிடங்களில் கேட்டுவிடலாம். வலியே இல்லை. ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு.

நம் மத்ரஸாவுக்கு நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளை அழைத்துவந்து, "ஹஜ்ரத், பேச்சு வரவில்லை, ஓதிப் பாருங்கள்" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நாம் ஓதுகிறோம், துஆச் செய்கிறோம், தண்ணீரும் கொடுக்கிறோம். கூடவே, காது சோதனை செய்தீர்களா என்று கேட்கிறோம். பெரும்பாலும் விடை ஒன்றுதான்: "கதவைத் தட்டினால் திரும்புகிறானே!" கதவின் அதிர்வை உடல் உணரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் இலவசமாக வழங்குகிறது. ஐந்தரை வயதில் பேச்சு வரவில்லை என்று வந்து நிற்கும்போது, அந்த வாசல் மூடிக்கொண்டிருக்கிறது. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தான நாம், ஓதுதலை மருத்துவத்திற்கு எதிராக நிறுத்துவது அறியாமை.

அரசின் ஏற்பாடு என்ன? ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம் 2013 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் பால்கரில் தொடங்கப்பட்டது. பிறந்தது முதல் பதினெட்டு வயது வரை முப்பது வகைக் குறைகளைத் தேடுவது அதன் பணி. பிறவிக் குறைகள் ஒன்பது அதில் உண்டு. உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், இடுப்பு மூட்டு விலகல், கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறை முதலியன. இவற்றைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் பயிற்சி பெற்ற கண்ணும் கையும் போதும். ஆனால் இரத்தத்துளியால் மட்டுமே தெரியும் பிறவித் தைராய்டு குறைவும், அரிவாள் அணு நோயும், தலசீமியாவும் அத்திட்டத்தில் மாநிலங்களின் விருப்பத்திற்கு விடப்பட்டவை. ஆகவே எல்லா மருத்துவமனைகளிலும் இது தானாகவே நடந்துவிடும் என்று எண்ணியிருக்க வேண்டாம். கேட்க வேண்டும். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முன்பு விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் அலைந்த நம் பகுதியினருக்கு இது சிறிய வசதியன்று. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்கள், செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம். அகீகா விருந்துக்கு அழைப்போரின் பட்டியலில் பத்துப் பேரைக் குறைத்தால் தைராய்டு சோதனைச் செலவு ஈடாகிவிடும் என்பது நம் துணிபு.

இரத்தம் எடுக்கும் காலம் முக்கியம். பிறந்தவுடன் தைராய்டைத் தூண்டும் சுரப்பு எல்லாக் குழந்தைகளிலும் இயல்பாகவே ஏறியிருக்கும். எனவே இரண்டு நாள் கழித்து, மூன்றாம் நாளுக்குள் எடுப்பது நல்லது. சுகப்பிரசவமாகி அவசரமாக வீடு திரும்புவோர் இதைத் தவறவிடுகிறார்கள். குதிகாலில் குத்தும்போது தாய் பாலூட்டிக்கொண்டிருந்தால் குழந்தைக்கு வலி குறைவாகத் தெரியும். 'பச்சை உடம்பில் ஊசியா' என்று தடுக்கும் பெரியவர்களிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். இந்தச் சோதனை ஒரு சல்லடை. சல்லடையில் நின்றதெல்லாம் கல்லாகிவிடாது. 'மீண்டும் வந்து இரத்தம் கொடுங்கள்' என்று அழைப்பு வந்தால், குழந்தைக்கு நோய் உறுதியாகிவிட்டது என்று வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டாம். அழைக்கப்படும் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டாம் சோதனையில் நலமென்றே தெரியவரும். அதே சமயம், அந்த அழைப்பைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடவும் கூடாது. அந்த ஒரு சிலரில் நம் பிள்ளையும் ஒன்றாக இருக்கலாம்.

முடிவைக் கேட்டு வாங்குவதில்தான் நம் குடும்பங்கள் பெரிதும் தவறுகின்றன. மருத்துவமனையில் கணவரின் தொலைபேசி எண் இருக்கும். அவர் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருப்பார். தாயும் பிள்ளையும் தாய்வீட்டில் நாற்பது நாள் இருப்பார்கள், அந்த ஊரின் கிராம சுகாதார செவிலியருக்கோ இவர்களைத் தெரியாது. எனவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், தாய் தங்கப்போகும் வீட்டின் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. இன்னொன்றும் உண்டு. நம் வழக்கத்தில் குழந்தைக்குப் பெயர் பெரும்பாலும் ஏழாம் நாள் அகீகாவின்போது சூட்டப்படுகிறது. இரத்தத்துளி ஒற்றிய தாளோ மூன்றாம் நாளே ஆய்வகத்துக்குச் சென்றுவிடும். அதில் குழந்தையின் பெயர் இருக்காது, தாயின் பெயரும் பிறந்த தேதியும்தான் எழுதப்பட்டிருக்கும். பத்தாம் நாள் போய், "முஹம்மது இப்ராஹீமின் முடிவு வந்துவிட்டதா?" என்று கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாயின் பெயரையும், கர்ப்பகாலத்தில் பதிவுசெய்து தந்த பிக்மி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.